ஜாலியன்வாலா பாக் படுகொலையும் வரலாற்றுச் சான்றும்

வரலாறு என்பது நடந்தவற்றின் தொகுதி மாத்திரமன்று. நடந்தவை எவ்வாறு அறியப்பட்டன என்பதும் அதன்பாற்படும். ஒருவன் தனியே கொலையுண்டானாயின், அவன் இறந்தவாற்றை ஆராய்தற்கு மரண விசாரணை உண்டு. உடலைப் பரிசோதிக்கும் வைத்தியர் உளர். கருவியைத் தேடும் காவலர் உளர். சாட்சிகளை வினாவும் நீதிமன்றம் உண்டு. ஆனால், ஆட்சியாளரின் ஆணையாலே பலர் ஒருங்கு சுடப்பட்டு இறந்தவிடத்து, அச்சாவுகளை ஆராய்வார் யார்? இறந்தாரை எண்ணுவார் யார்? சுட்டவரே சான்றுகளையும் கைக்கொண்டிருக்குங்கால் உண்மை எவ்வழியாற் புலப்படும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பார்க்கு 1919 ஆம் ஆண்டு ஏப்பிரல் 13 ஆம் நாள் பஞ்சாபிலுள்ள அமிர்தசரஸ் நகரில் நிகழ்ந்த படுகொலையைப் போல உதவும் எடுத்துக்காட்டு வேறொன்று அரிது. அந்நிகழ்ச்சியின் கொடுமை பலரும் அறிந்தது. அதன் சான்றுகள் திரட்டப்பட்ட வரலாறு அத்துணை அறியப்பட்டிலது. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ச்சி

முதல் உலகப் போர் முடிந்தபின், விசாரணையின்றி மக்களைச் சிறைவைக்க அதிகாரமளித்த றௌலட் சட்டம் 1919 மார்ச் மாதத்தில் நிறைவேற்றப்பட்டது. காந்தியடிகள் அதனை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் தொடங்கினார். அமிர்தசரஸில் மார்ச் 30 ஆம் நாளும் ஏப்பிரல் 6 ஆம் நாளும் கடையடைப்பு அமைதியாக நடைபெற்றது. ஏப்பிரல் 10 இல் அந்நகரத் தலைவர்களாகிய வழக்கறிஞர் சைபுடீன் கிச்சுலுவும் வைத்தியர் சத்தியபாலும் இரகசியமாக நாடுகடத்தப்பட்டனர். அவர்களை விடுவிக்குமாறு வேண்டச் சென்ற கூட்டத்தினர்மீது புகையிரதப் பாலத்தருகே துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது. வெகுண்ட கூட்டத்தார் வங்கிகளைத் தாக்கினர். ஐரோப்பியர் ஐவர் கொல்லப்பட்டனர். அடுத்த நாள் ஜலந்தரிலிருந்து வந்த பிரிகேடியர் ஜெனரல் டயர் நகரின் அதிகாரத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

13 ஆம் நாள் வைசாகித் திருநாள். காலையிற் கூட்டங்களைத் தடைசெய்யும் அறிவித்தல் நகரின் சில இடங்களிற் பறைசாற்றி வாசிக்கப்பட்டது. அது நகரெங்கும் எட்டவில்லை. திருநாளுக்கு வெளியூர்களிலிருந்து வந்த கிராமத்தவர் பலர் அதனை அறியார். மாலையிற் பொற்கோயிலுக்கு அண்மையிலுள்ளதும், நாற்புறமும் வீட்டுச் சுவர்களாற் சூழப்பட்டதும், ஒடுங்கிய வாயில்களை உடையதுமான ஜாலியன்வாலா பாக் என்னும் வெளியிற் கூட்டம் நடைபெற்றது. டயர் துப்பாக்கி தாங்கிய வீரர் ஐம்பதின்மரையும், கத்தி மாத்திரம் உடைய கூர்க்கர் நாற்பதின்மரையும், இரண்டு கவச வண்டிகளையும் கொண்டு சென்றார். வாயில் ஒடுக்கமாயிருந்தமையாற் கவச வண்டிகள் வெளியே நின்றன. உட்புகுந்த வீரர் எச்சரிக்கை எதுவுமின்றிச் சுடத்தொடங்கினர். ஏறத்தாழப் பத்து நிமிடம் இடைவிடாது சுட்டனர். அதன்பின் காயப்பட்டாரையும் இறந்தாரையும் கிடந்தவாறே விட்டு, வந்த வழியே மீண்டனர். இரவு எட்டு மணிக்குமேல் வீதியில் நடமாடுதல் அந்நகரிலே தடைசெய்யப்பட்டிருந்தது.

எண்ணப்பட்டவையும் எண்ணப்படாதவையும்

இந்நிகழ்ச்சியில் ஐயத்துக்கு இடமின்றி அறியப்படும் தொகை ஒன்று உண்டு. அது சுடப்பட்ட குண்டுகளின் தொகை. அவை 1650. துருப்பினர் பொறுக்கியெடுத்த வெற்றுத் தோட்டாக்களிலிருந்து இத்தொகை பெறப்பட்டது. ஐம்பது துப்பாக்கிகளுக்கு 1650 குண்டுகளெனின், ஒரு வீரன் சராசரி 33 முறை சுட்டான் என்பது பெறப்படும். அக்காலத்து இராணுவத் துப்பாக்கி பத்துத் தோட்டாக்களைக் கொள்வது. எனவே ஒவ்வொருவனும் பலமுறை துப்பாக்கியை மீளநிரப்பியிருத்தல் வேண்டும். அச்சத்தினாலோ தடுமாற்றத்தினாலோ சில கணம் சுட்டனர் என்னும் சமாதானத்துக்கு இவ்வெண் இடந்தராது. வெற்றுத் தோட்டா என்னும் சிறு பொருள் நெடிய வாதங்களினும் வலிய சாட்சியாதலை ஈண்டுக் காண்கின்றோம்.

செலவான தோட்டாக்களை அன்றே கணக்கிட்ட ஆட்சி, இறந்த மக்களைக் கணக்கிட முயன்றது மூன்று மாதங்களுக்குப் பின்பேயாம். இடைப்பட்ட காலத்தில் டயர் தம் மேலதிகாரிகளுக்கு உத்தேசமாகக் கூறிய தொகை இருநூறு முதல் முந்நூறு வரை என்பதாகும். அவர் எந்த உடலையும் எண்ணியவரல்லர். யூலை மாதத்திலேதான், இறந்தாரைப் பற்றி அறிந்தோர் வந்து தெரிவிக்குமாறு நகரமாந்தர் அழைக்கப்பட்டனர்.

அவ்வழைப்பின் குறையை எளிதில் உணரலாம். இராணுவச் சட்டத்தின்கீழ்ச் சவுக்கடியும் சிறையும் கண்டு நடுங்கிய மக்கள் அவர்கள். தடைசெய்யப்பட்ட கூட்டத்திலே தம் மகன் இறந்தான் எனக் கூறுதல், தம் குடும்பத்தார் அங்கிருந்தனர் என ஒப்புக்கொள்ளுதலாகும். ஆதலின் அஞ்சி வாளாவிருந்தோர் பலர். வைசாகிக்கு வந்து மாண்ட வெளியூரார் பொருட்டு நகரிற் பேசுதற்கு உறவினரும் இலர். சேவா சமிதித் தொண்டரும் தாமாகவே இறந்தோரின் பெயர்களைத் திரட்டினர். இவ்வாறு பெறப்பட்டவற்றைக் கொண்டு அரசினர் ஈற்றில் ஏற்றுக்கொண்ட தொகை 379. அவருள் ஆடவர் 337 பேர். சிறுவர் 41 பேர். ஆறு வாரக் கைக்குழந்தை ஒன்று. இத்தொகையின் இயல்பை நாம் தெளிதல் வேண்டும். இஃது இறந்தாரின் தொகையன்று. இறந்தமை மெய்ப்பிக்கப்பட்டாரின் தொகை. இதனிற் குறைந்தோர் இறந்தனர் எனல் இயலாது. கூடியோர் இறந்திலர் எனக் கொள்ளுதற்கும் இஃது ஆதாரமாகாது.

காயப்பட்டாரைப் பொறுத்தவரை இந்த அளவு கணக்கும் இல்லை. இறந்தாரைப் போல மும்மடங்கு இருத்தல்கூடும் என்ற மதிப்பீட்டினாலேயே ஏறத்தாழ 1200 என்னும் தொகை வழங்கலாயிற்று.

மூடிய வாயில்கள்

சான்றுகள் அழிவதற்கு அவற்றைக் கொளுத்துதல் வேண்டுவதில்லை; காலந்தாழ்த்துதலும் வாய்மூடச் செய்தலும் போதும். ஏப்பிரல் 15 இல் அமிர்தசரஸில் இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. பத்திரிகைச் செய்திகள் தணிக்கைக்கு உட்பட்டன. பஞ்சாபுக்குள் நுழைய முயன்ற சி. எவ். அன்றூஸ் அமிர்தசரஸிலே தடுத்து நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். பஞ்சாபு நிலைமையைக் கண்டித்தெழுதிய பம்பாய்ப் பத்திரிகாசிரியர் ஹோர்னிமன் இங்கிலாந்துக்கு நாடுகடத்தப்பட்டார். மே மாத இறுதியிலே கவியரசர் தாகூர் தமது சேர் பட்டத்தைத் துறந்து தேசாதிபதிக்குக் கடிதம் எழுதினார். யூலை மாதத்திற் சேர் சங்கரன் நாயர் தேசாதிபதியின் நிருவாக சபையிலிருந்து விலகினார். காந்தியடிகள் பஞ்சாபினுட் செல்ல அனுமதி பெற்றது ஒக்டோபர் மாதத்திலேயாம்.

இன்னுமொன்று கருதற்பாலது. லோர்ட் ஹன்ரர் தலைமையில் விசாரணைக்குழு தன் வேலையைத் தொடங்குமுன்னரே, 1919 செப்டெம்பர் மாதத்திலே, இராணுவச் சட்டக் காலத்து நன்னம்பிக்கையோடு கடமை புரிந்த உத்தியோகத்தரை வழக்குகளினின்றும் காக்கும் சட்டமொன்று சட்டசபையில் நிறைவேற்றப்பட்டது. குற்றம் உண்டோ இல்லையோ என ஆராயுமுன் பாதுகாப்பு அளிக்கப்பட்டமை அக்கால ஆட்சியின் மனப்பாங்கை உணர்த்துவதாகும்.

இத்தகைய நிலை நம் நாட்டிற்கும் புதிதன்று. நான்கு ஆண்டுகளின் முன், 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது, இலங்கையிலும் இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. அதனை நடத்துதற்குப் பஞ்சாபுத் துருப்பினரும் பயன்படுத்தப்பட்டனர். விசாரணையின்றி மக்கள் சுடப்பட்டமையைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் எடுத்துரைத்து, அவற்றை 1916 இல் இலண்டனிலே நூலாகவும் வெளியிட்டார். இராணுவச் சட்டத்தின் நிழலில் நிகழ்ந்தவற்றைத் திகதியும் இடமும் ஆதாரமும் காட்டிப் பதிவுசெய்தலே அதற்குத் தக்க எதிர்வாதம் என்பதை அப்பெரியார் அன்றே உணர்ந்திருந்தனர்.

இரண்டு விசாரணைகள்

1919 ஒக்டோபரில் நியமிக்கப்பட்ட ஹன்ரர் குழுவில் ஆங்கிலேயர் ஐவரும் இந்தியர் மூவரும் இருந்தனர். இந்தியர்கள் சேர் சிமன்லால் செடல்வாட், பண்டிதர் ஜகத் நாராயண், சர்தார் சுல்தான் அகமது கான் என்போர். சிறையிலிருந்த தலைவர்களைத் தற்காலிகமாகவேனும் விடுவித்துச் சாட்சியமளிக்க உதவுமாறு காங்கிரசு வேண்டிற்று. அவ்வேண்டுகோள் மறுக்கப்பட்டது. ஆகவே காங்கிரசு அக்குழுவைப் பகிஷ்கரித்துத் தனக்கென ஒரு விசாரணைக்குழுவை நவெம்பரில் அமைத்தது. காந்தியடிகள், சித்தரஞ்சன் தாஸ், அப்பாஸ் தியாப்ஜி ஆகியோர் அதில் இருந்தனர். மோத்திலால் நேரு காங்கிரசுத் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டு விலகியபின் எம். ஆர். ஜயகர் அவ்விடத்துக்கு வந்தார். இக்குழுவின் செயலாளர், இலாகூரில் வழக்கறிஞராயிருந்த தமிழராகிய கே. சந்தானம் அவர்கள் என்பது நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

இரு விசாரணைகளும் வெவ்வேறு வகையான சான்றுகளைத் தந்தன. அரசினர் குழுவின்முன் ஆட்சியாளர் பேசினர். காங்கிரசுக் குழுவின்முன் சுடப்பட்டாரும் அவர்தம் உறவினரும் பேசினர்.

ஹன்ரர் குழுவின் பெரும்பயன் டயரின் வாக்குமூலமேயாகும். அவர் 1919 நவெம்பர் 19 இல் இலாகூரிலே சாட்சியமளித்தார். துணைக்கு வழக்கறிஞர் எவருமின்றி, வினவியவற்றுக்கெல்லாம் ஒளிவின்றி விடை பகர்ந்தார். சுடாமலே கூட்டத்தைக் கலைத்திருத்தல் இயலும் என ஒப்புக்கொண்டார். ஆயின் அவர்கள் மீண்டும் கூடித் தம்மை நகைத்திருப்பர் என்றார். வாயில் அகன்றிருந்து கவச வண்டிகள் உட்சென்றிருப்பின், இயந்திரத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தியிருத்தல்கூடும் என்று செடல்வாடின் வினாவுக்கு விடையிறுத்தார். காயப்பட்டாருக்கு உதவுதல் தம் வேலையன்று என்றும், வைத்தியசாலைகள் திறந்திருந்தன என்றும் கூறினார். அதற்கு முன்னரே ஓகஸ்ட் மாதத்தில் எழுதிய அறிக்கையில், கூட்டத்தைக் கலைத்தல் மாத்திரமன்றிப் பஞ்சாபு முழுவதிலும் மனத்திற் பதியத்தக்க விளைவை உண்டாக்குதலே தம் நோக்கம் என எழுதியிருந்தார். சுட்டவர் தாமே நோக்கத்தை எழுத்திலும் வாய்மொழியிலும் வெளியிட்டபின், அதனை மறுத்தற்கு அவர் பக்கத்தார்க்கே வழியில்லாது போயிற்று.

காங்கிரசுக் குழுவினர் 1700 இற்கு மேற்பட்ட சாட்சிகளின் வாக்குமூலங்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 650 வாக்குமூலங்களை அறிக்கையோடு சேர்த்து வெளியிட்டனர். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமை சிந்திக்கத்தக்கது. கிடைத்தவற்றையெல்லாம் கொட்டிக் குவித்தல் அவர் நோக்கமன்று. அறிக்கையை எழுதும் பொறுப்பு காந்தியடிகளிடம் விடப்பட்டது. ஐயத்துக்கு இடமான எதனையும் சேர்க்கலாகாது என்பதிலும், மிகைப்படுத்திய ஒரு சொல்லும் புகலாகாது என்பதிலும் அவர் உறுதியாய் நின்றார். வழக்கறிஞராயிருந்து சான்றின் இலக்கணம் கற்றவர் அவர். பொய்யான ஒரு வாக்குமூலம் மெய்யான நூறு வாக்குமூலங்களையும் பழுதாக்கும் என்பதை அவர் நன்கு அறிவார்.

அவ்வறிக்கையில் இடம்பெற்ற வாக்குமூலங்களுள் இரத்தன் தேவி என்னும் பெண்மணியினுடையது குறிப்பிடத்தக்கது. பாக்கிற்கு அருகிற் குடியிருந்த அவர், குண்டோசை கேட்டு ஓடிச்சென்று உடல்களிடையே தம் கணவனைத் தேடிக் கண்டார். இரவாகியமையின் உடலை எடுத்துச்செல்லத் துணை கிடைத்திலது. உதவி கேட்டாரெல்லாம் எட்டு மணிக்குமேல் வெளிவர அஞ்சினர். நாய்களை ஓட்டுதற்கு மூங்கிற்கழி ஒன்றைக் கையிற்கொண்டு விடியுமளவும் அவ்வுடலருகே தனியே அமர்ந்திருந்தார். நீர் கேட்டுப் புலம்பிய சிறுவனையும் காயப்பட்ட பிறரையும் அவர் கண்டார். இவ்வாக்குமூலம் நெஞ்சை உருக்குவதோடு நின்றுவிடுவதில்லை. நேரம், இடம், கிடந்த உடல்களின் நிலை, ஊரடங்கினால் உதவி கிட்டாமை ஆகிய நான்கையும் நேரிற் கண்டவர் கூற்றாக அது நிறுவுகின்றது. வைத்தியசாலைகள் திறந்திருந்தன என்னும் டயரின் விடையை இதனோடு ஒப்புநோக்கின், அவ்விடையின் வெறுமை தானே புலனாகும்.

இறந்தாரின் தொகை ஆயிரம் என்பது மிகையாகாது எனக் காங்கிரசுக் குழு கருதிற்று. கூட்டத்தின் அளவு, குண்டுகளின் தொகை, கண்டார் கூற்று என்பன இம்மதிப்பீட்டுக்கு அடிப்படை. இதுவும் பெயர் பெயராக எண்ணிய தொகையன்று என்பதை நடுவுநிலையுடையார் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

தீர்ப்புக்கள்

1920 மார்ச் 25 இற் காங்கிரசு அறிக்கையும், மே மாதத்தில் ஹன்ரர் அறிக்கையும் வெளிவந்தன. ஹன்ரர் குழு இரண்டாகப் பிரிந்தது. எச்சரிக்கையின்றிச் சுட்டமையும் நீண்டநேரம் சுட்டமையும் தவறென ஆங்கிலேயப் பெரும்பான்மையினர் கண்டித்தனர்; எனினும் இராணுவச் சட்டத்தை நியாயமெனக் கொண்டனர். இந்தியர் மூவரும் டயரின் செயல் மனிதத்தன்மையற்றதென்றும், இராணுவச் சட்டத்துக்கே நியாயம் இல்லையென்றும் தனி அறிக்கை எழுதினர். ஒரே சாட்சியத்தைக் கேட்டவர்களே இவ்வாறு வேறுபட்டமையால், சான்று ஒன்றாயினும் அதனை நிறுக்கும் துலாக்கோல் ஒன்றாயிருப்பதில்லை என்பது போதரும்.

டயர் 1920 இற் பதவியினின்றும் நீக்கப்பட்டார். யூலை 8 இற் பாராளுமன்றத்தின் பொதுமக்கள் சபை அம்முடிவை ஆதரித்தது. பிரபுக்கள் சபையோ 129 இற்கு 86 என்னும் வாக்குகளால் டயருக்குச் சார்பாகத் தீர்மானித்தது. ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அவருக்காகத் திரட்டிய நிதி 26,000 பவுணுக்கு மேற்பட்டது. 1924 ஆம் ஆண்டில், அக்காலத்துப் பஞ்சாபு ஆளுநராயிருந்த சேர் மைக்கல் ஓடுவையர், தம்மை நூலொன்றிற் குறைகூறினாரெனச் சங்கரன் நாயர்மீது இலண்டனில் மானநட்ட வழக்குத் தொடர்ந்து 500 பவுண் பெற்றார். ஐந்து வாரம் நடந்த அவ்வழக்கில் நீதிபதி மக்காடி, டயர் செய்தது சரியே எனத் தம் கருத்தை யூரிமாருக்கு வெளிப்படையாகக் கூறினார். யூரிமார் பன்னிருவருள் ஹரோல்ட் லாஸ்கி ஒருவரே மாறுபட்டு நின்றார்.

1940 மார்ச் 13 இல் உத்தம் சிங் இலண்டன் கக்ஸ்ரன் மண்டபத்தில் ஓடுவையரைச் சுட்டுக்கொன்றார். சுடப்பட்ட குண்டுகள் ஆறு. ஒவ்வொன்றும் எங்கே பட்டதென ஆராயப்பட்டது. துப்பாக்கி நீதிமன்றத்திற் காட்டப்பட்டது. யூன் மாதத் தொடக்கத்தில் விசாரணை முடிந்தது. யூலை 31 இற் கொலைத்தண்டனை நிறைவேறிற்று. ஆறு குண்டுகளுக்கு ஐந்து மாதத்துள் முழுக்கணக்கும் முடிந்தது. 1650 குண்டுகளுக்கோ எவரும் நீதிமன்றத்திலே குற்றவாளியாக நிறுத்தப்பட்டிலர். தனிக்கொலை எதனையும் நியாயப்படுத்தற்காக இவ்வொப்பீடு கூறப்படவில்லை. விசாரணை முறைகள் அக்காலத்து இல்லாமலில்லை. அவை யார் பொருட்டுப் பயன்படுத்தப்பட்டன என்பதே வேறுபாடு என்பதைக் காட்டுதற்கே கூறப்பட்டது.

எஞ்சிய சான்றுகள்

ஹன்ரர் குழுவின்முன் இரகசியமாகப் பெறப்பட்ட சாட்சியங்கள் அக்காலத்து வெளியிடப்படவில்லை. அவற்றை வரலாற்றறிஞர் வி. என். தத்தா 1975 இற் பதிப்பித்து வெளியிட்டார். அரைநூற்றாண்டின் பின்னரேனும் அவை வெளிவந்தமைக்குக் காரணம், அவை எழுதப்பட்டுப் பேணப்பட்டமையேயாகும். 1961 ஏப்பிரல் 13 இற் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் ஜாலியன்வாலா பாக் நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்தார். குண்டு பதிந்த சுவர்கள் அங்கே காக்கப்பட்டுள்ளன. அத்தழும்புகளின் உயரமும் திசையும், தப்பியோடிச் சுவரேற முயன்றாரும் குறிக்குத் தப்பவில்லை என்னும் சாட்சிகளின் கூற்றோடு ஒத்து நிற்பன. அங்குள்ள கிணற்றிலிருந்து 120 உடல்கள் எடுக்கப்பட்டன என நினைவுப் பலகை கூறும். பிற்காலத்துப் பலகையின் வாசகத்தை அக்காலத்து வாக்குமூலத்தோடு ஒரே தரத்தில் வைத்து எண்ணலாகாது என்பதையும் மாணவர் உணர்தல் நன்று. நாம் அன்புகொண்ட பக்கத்தின் எண்களையும் ஆராய்ந்தே கொள்ளுதல் வரலாற்று மாணவன் கடன்.

2019 ஆம் ஆண்டு, நூற்றாண்டு நினைவை ஒட்டிப் பிரித்தானியப் பிரதமராயிருந்த தெரேசா மே பாராளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கோரினாரல்லர்.

இவ்வாராய்ச்சியாற் பெறப்படுவன மூன்று. ஒன்று: சாவு நிகழ்ந்தவுடன் எழுதப்படாத சான்று நாள்தோறும் குறைந்துகொண்டே செல்லும், மூன்றுமாதத் தாமதம் பல பெயர்களை என்றைக்குமாக மறைத்துவிட்டது. இரண்டு: குற்றஞ்சாட்டப்பட்டவரே கணக்கெடுக்குமிடத்து, பாதிக்கப்பட்டார் பக்கத்திலும் ஒரு பதிவு வேண்டும், அப்பதிவு அதனினும் கண்டிப்பான ஒழுங்குடையதாதல் வேண்டும். மூன்று: எண் பெரிதாயிருத்தலினும் பெயர் உறுதியாயிருத்தலே வலிமை. ஆயிரம் என்பாரையும் 379 என்பாரையும் ஒருவர்க்கொருவர் வாதிட விடலாம். ஆயின் இன்ன ஊரில், இன்னார் மகன், இன்ன வயதினன், இவ்விடத்தில் இறந்தான் என்று எழுதப்பட்ட ஒரு வரியோடு எவரும் வாதிடல் இயலாது. ஆறுவாரக் குழந்தை ஒன்று இறந்தது என்னும் குறிப்பு அரசினர் பட்டியலிலேயே உளது. அதனை மறுக்கப் பிரபுக்கள் சபையின் தீர்மானத்தாலும் இயலவில்லை. நீதிபதி மக்காடியின் கருத்தாலும் இயலவில்லை. அஞ்சிய நகரொன்றில் வீடு வீடாகச் சென்று பெயர்களை எழுதிய தொண்டர்கள் வரலாற்றுக்குச் செய்த பேருதவி இதுவேயாகும்.